தெப்பத்துக்கு அடியில்



திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு படகு வாங்குவதைப் பற்றி எழுதினால், ஆசிரியருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். மலையும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கிற ஊர் இது. ஊருக்குள் ஆறு கிடையாது. தென்பெண்ணையைப் பார்க்க வேண்டுமானால் சாத்தனூருக்குப் பஸ் ஏற வேண்டும். படகில் உட்கார ஆசைப்பட்டால் ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரிக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் சில வாரங்களாகப் படகுப் பேச்சுதான் ஓடுகிறது. காரணம், கனடாவில் இருக்கும் என் அக்கா மகன்.

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருக்கிறான். நம் ஆட்கள் நிறைந்த இடம். இடியாப்பத்துக்கும் முருங்கைக்காய்க்கும் அங்கே பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வெயிலுக்குத்தான். மே கடைசியில் தலை காட்டும் கோடை செப்டம்பரில் மூட்டை கட்டிவிடும். அந்த நாலு மாதத்துக்குள் ஒரு வருஷத்து ஊர் சுற்றலையும் முடித்தாக வேண்டும். போன கோடையில் ஒரு நண்பர் குடும்பம் இவர்களைச் சிம்கோ ஏரியில் படகில் வைத்துச் சுற்றிக் காட்டியிருக்கிறது. அன்று பிடித்த ஆசை இவனை விடவில்லை. புதுப் படகின் விலையைக் கேட்டதும் பழசுக்கு இறங்கி வந்துவிட்டான். தேடித் தேடி இரண்டைப் பிடித்தான். இரண்டும் 22 அடி நீளம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் பாண்டூன் வகை.

"மாமா, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எதை எடுக்கட்டும்?"

இங்கே இரவு பத்து மணி. அவனுக்கு மத்தியானம் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். படகுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எந்தச் சமாச்சாரமானாலும் நாலு பேரை விசாரிக்காமல் இவன் தூங்க மாட்டான் என்பது எங்கள் குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். அது போதாதா?

பாண்டூன் படகைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியத்தில் செய்த இரண்டு நீளமான உருளைகள், உள்ளே வெறும் காற்று. அவற்றின் மேல் தட்டையாக ஒரு பலகைத் தளம். சுற்றிலும் இடுப்பளவு கம்பித் தடுப்பு, அதற்குள் சோபா போன்ற இருக்கைகள், தலைக்கு மேல் மடக்குக் கூடாரம், பின்னால் மோட்டார். ஆட்டம் குறைவு. குழந்தைகளும் வயதானவர்களும் எழுந்து நடமாடலாம். மொத்தத்தில் அது நம் தெப்பம்தான். சுவாமிக்குப் பதில் குடும்பம் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

தெப்பம் என்றால் எங்களுக்கு ஐயங்குளம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் தொடங்கி மூன்று இரவுகள் அங்கே தெப்பல் உற்சவம். முதல் நாள் சந்திரசேகரர், அடுத்த நாள் பராசக்தி அம்மன், மூன்றாம் நாள் முருகர். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருக்கும். கீழே குளத்தில் மின்விளக்கு மண்டபம் ஒன்று மேளச் சத்தத்தோடு மெல்ல நகர்ந்து வரும். படிக்கட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் அலங்காரத்தைப் பற்றிப் பேசுவார்கள், பூவைப் பற்றிப் பேசுவார்கள், போன வருஷத்து விளக்கு இதைவிடப் பிரமாதம் என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். அத்தனையையும் தாங்கிக்கொண்டு அடியில் கிடக்கும் டிரம்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

திருவாரூர்க்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கமலாலயத்தில் அவர்கள் கட்டும் தெப்பத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட பேரல்கள் அடியில் போகின்றன. அதன் மேல் நூற்றுக்கணக்கான பேர் ஏறிக்கொள்ள, கச்சேரியும் நடக்கும். அதோடு ஒப்பிட்டால் எங்கள் தெப்பம் சின்னது. ஆனால் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். 200 லிட்டர் டிரம் ஒன்று பாதி அமிழ்ந்தால் 100 கிலோ தண்ணீரைத் தள்ளும். அதில் இரும்பு டிரம்மின் சொந்த எடை ஒரு 20 கிலோ போய்விடும். மிச்சம் 80. ஆக, டிரம்முக்கு ஓர் ஆள். அந்த 80-க்குள்தான் மேலே கட்டும் மரத்துக்கும் மண்டபத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும். முழுதாக அமிழ்த்தினால் இன்னும் தாங்குமே என்று யாராவது கேட்டால், அவரைத் தெப்பம் கட்டும் இடத்துப் பக்கமே விடக்கூடாது.

டிரம் சோதிக்கிற பெரியவர் ஒருவர் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்து, உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் பிடிக்காததைக் காலால் தள்ளி ஒதுக்கினார். மற்றவற்றின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறுக்கினார். சந்தேகப்பட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு மட்டும் மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் எடை அழுத்தியதும் மூடி ஓரத்தில் ஒரு சின்ன நுரைக் குமிழி கிளம்பியது. "இது வேணாம், எடுத்துடு" என்றார் பையனிடம். அந்த டிரம் பார்வைக்குப் புத்தம் புதுசு. பளபளவென்று நீலமாக இருந்தது.

பாண்டூன் படகும் டிரம்மில்தான் பிறந்தது என்பது மருமகனுக்காக விசாரிக்கப் போனபோது எனக்குக் கிடைத்த லாபம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் வியர்ஸ் என்று ஒரு விவசாயி. 1950-களின் தொடக்கத்தில், இரும்பு பேரல்களை முனையோடு முனை வைத்து வெல்டிங் செய்து இரண்டு வரிசையாக்கி, மேலே மரத் தளம் போட்டு ஏரியில் விட்டார். இன்று அந்தக் கண்டத்து ஏரிகளில் பார்க்கிற பாண்டூன் படகுகளுக்கெல்லாம் அவரைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். எங்கள் பெரியவரைக் கூட்டிப்போய் அந்த ஏரிக்கரையில் விட்டிருந்தால், இருவருக்கும் பாஷை தெரியாமலே வேலை நடந்திருக்கும்.

இனி மருமகனின் இரண்டு படகுகளுக்கு வருகிறேன்.

முதலாவது ஒரு விற்பனையாளரின் முற்றத்தில் நிற்கிறது. புது இருக்கைகள், சாம்பல் நிறத்தில் புதுக் கம்பளம், தடுப்பு ஓரமெல்லாம் நீல விளக்கு, நாலு மூலையிலும் ஸ்பீக்கர். 90 குதிரைத் திறன் மோட்டார். இரண்டாவது, ஏரிக்கரையில் வீடு வைத்திருக்கும் ஒரு வயதான தம்பதியுடையது. இருக்கைகள் வெயிலில் வெடித்து, இரண்டு இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. கம்பளத்தின் நிறம் எது என்று இனி கண்டுபிடிக்க முடியாது. கூடாரத்தில் தையல் போட்ட தடம். மோட்டார் 60 குதிரைத் திறன். விலை முதலாவதைவிட இரண்டாயிரம் டாலர் குறைவு.

மருமகன் மனசு எங்கே போயிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. விலை பேசும் முன்பே முதல் படகுக்குத் தன் மகளின் பெயரை வைத்துவிட்டான். படங்களும் வீடியோக்களும் வந்து குவிந்தன. எல்லாம் இருக்கைகள், விளக்குகள். ஒரு வீடியோ முழுக்கப் பாட்டு மட்டும்.

நம்மூர் ஆட்டோ கன்சல்டிங் கடைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வாசனை உடனே பிடிபடும். பழைய வண்டிக்கு முதலில் சீட் கவர் மாறும். டயருக்குக் கறுப்புப் பாலிஷ் ஏறும். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்பார்கள். தமிழ்நாட்டில் டாக்டர்கள் இத்தனை வண்டிகளை எப்போது ஓட்டினார்கள், எப்போது வைத்தியம் பார்த்தார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். விற்கிறவரைக் குறை சொல்லவில்லை. வாங்க வருகிறவன் எதைப் பார்க்கிறானோ அதற்குத்தானே அவர் பாலிஷ் போடுவார்.

சென்னை காசிமேட்டில் அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஃபைபர் படகு மோட்டார்களைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவர். அவரையும் மருமகனையும் ஒரே போனில் சேர்த்துவிட்டு நான் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். அவர் முதலில் கேட்டது மோட்டாரைப் பற்றியே இல்லை.

"தம்பி, படகு இப்ப தண்ணியில நிக்குதா, தரையில நிக்குதா?"

ஒன்று தரையில், ஒன்று தண்ணீரில் என்றான் இவன்.

"தரையில நிக்கிறதைத் தண்ணியில இறக்கச் சொல்லு. யாரும் ஏறக்கூடாது. பின்பக்கம் நின்னு பாரு. ரெண்டு உருளையும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒரு பக்கம் தாழ்ந்தா, உள்ள தண்ணி இருக்கு. அப்புறம் மேல ஏத்தி, அடியில குனிஞ்சு பாரு. வெல்டிங் ஓரத்துல சொட்டுதான்னு."

உருளைகளுக்குள்ளே குறுக்குத் தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். அதனால் ஓர் ஓட்டை விழுந்தவுடன் படகு மூழ்கிவிடாது. அதுவே வாங்குகிறவனுக்கு ஒரு கண்ணாமூச்சி. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் படகு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கனடாவில் இதோடு பனிக்காலமும் சேர்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து பருத்தால் வெல்டிங்கை உள்ளிருந்தே பிளந்துவிடும். மோட்டாருக்கும் இதே கதி. அதனால்தான் அங்கே இலையுதிர் காலம் வந்ததும் படகைக் கரையேற்றி, மோட்டாரிலிருந்து தண்ணீரை வடித்து, உறையாத திரவம் விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்கிறார்கள். வருஷா வருஷம் அதை ஒழுங்காகச் செய்தவரா விற்கிறவர் என்பது, அவர் எத்தனை பாட்டுக் கேட்டார் என்பதைவிட முக்கியம்.

அடுத்தது தளம். பலகை என்று சொன்னேன் அல்லவா, அது பெரும்பாலும் ஒட்டுப் பலகை. பழைய படகில் ஈரம் பட்டுப் பட்டு ஊறிப்போகும். கதவோரம், இருக்கைக்கு அடிப்பகுதி, மோட்டாருக்கு முன்னால் என்று தண்ணீர் வழிகிற இடங்களில் முதலில் உளுக்கும். குதிகாலால் ஊன்றி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். "புதுக் கம்பளம் போட்டிருக்காங்கன்னா, பழசு என்ன ஆச்சுன்னு கேளு. கீழ பலகையை மாத்தினீங்களா, அப்படியே மேல ஒட்டினீங்களான்னு கேளு" என்றார் காசிமேட்டுக்காரர்.

வாங்குகிறவர்கள் கிழிந்த இருக்கையைப் பார்த்து விலகுகிறார்கள். இருக்கை கிழிந்தால் ஒரு சனி ஞாயிறில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக, காசு வரவர மாற்றலாம். டேப் போட்டுக்கொண்டே ஒரு கோடையை ஓட்டவும் செய்யலாம். தளம் ஊறிப்போனால் இருக்கைகள், தடுப்புக் கம்பிகள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பலகையைப் பிடுங்க வேண்டும். உருளை போனால் படகே போனமாதிரிதான். செலவெல்லாம் கண்ணில் படாத இடத்தில் காத்திருக்கிறது. கண்ணில் படுவதெல்லாம் மலிவு. அக்கா மகனிடம் நான் சொன்னது இந்த ஒன்றைத்தான், திரும்பத் திரும்ப.

மோட்டாருக்கு நண்பர் வைத்திருந்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்பாத மோட்டாராக இருக்கலாம். ஓடத் தொடங்கியதும் பின்னால் ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை விடாமல் பீய்ச்ச வேண்டும். குளிர்விக்கும் பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கீழே கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்துக் குழம்பாக வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அளவு ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசப்படக் கூடாது. 60-ஆ 90-ஆ என்ற கேள்விக்கு அவர் பதில் ஒரே வரி: "சுத்திப் பாக்கத்தானே போறீங்க, போட்டிக்குப் போகலையே?" ஆட்கள் நிறைய, பின்னால் கயிறு கட்டிப் பிள்ளைகளை மிதவையில் இழுக்கவும் வேண்டும் என்றால் 90 உதவும். அது நியாயம்தான். ஆனால் பராமரித்த 60, பராமரிக்காத 90-ஐவிட நம்பகமாகக் கரை சேர்க்கும் என்பது என் கட்சி.

அடுத்த சனிக்கிழமை மருமகன் இரண்டையும் போய்ப் பார்த்தான். இந்த முறை வந்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. ஒன்றில் அவன் முழங்காலும் தரையில் கவிழ்ந்த தலையும் மட்டும் தெரிந்தது. மருமகள் எடுத்திருக்கிறாள். முதல் படகில் முன் கதவுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் மெத்தென்று இறங்கியதாம். கம்பளத்துக்கு அடியில் விரிப்பு போட்டிருக்கிறோம் என்றார்களாம். தண்ணீரில் இறக்கியதும் வலப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. அந்தப் படத்தைக் காசிமேட்டுக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

இரண்டாவது படகில் தளம் கல்லாக நின்றது. வயதான அம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து மேசையில் வைத்தாராம். ஒவ்வொரு வருஷமும் பனிக்காலத்துக்கு முன் மோட்டார் சர்வீஸ் செய்த ரசீதுகள், ஆயில் மாற்றிய தேதிகள், படகு உரிமத்தின் பிரதி. கடன் பாக்கி கிடையாது, பெயர் மாற்ற வேண்டிய தாள் தயார். நம்மூரில் ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் வண்டி எடுத்து அலைந்தவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிப்பார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் மருமகன் ஆள் கணக்கை எடுத்தான்.

படகில் தயாரித்தவர்கள் ஒரு தகடு பொறித்திருக்கிறார்கள். பத்துப் பேர் என்று இருக்கிறது. அதோடு மொத்த எடைக்கும் ஒரு வரம்பு. இவன் கணக்கோ இப்படிப் போனது: "நாங்க நாலு பேர் மாமா. மாமனார், மாமியார். அப்புறம் அந்த ஃப்ரெண்டு ஃபேமிலி நாலு பேரு, அவங்க நம்மளக் கூட்டிட்டுப் போனாங்கல்ல, விட முடியாது. அம்மா வந்தா அம்மா. சின்னது ரெண்டையும் மடியில வச்சுக்கலாம்." பிரியாணி அண்டாவும் ஐஸ் பெட்டியும் கணக்கில் இல்லை. மடியில் வைத்துக்கொண்டால் ஆள் குறையும் என்பது நம் பஸ்களில் அரை டிக்கெட்டுக்காக நாம் கண்டுபிடித்த கணிதம். தண்ணீருக்கு அந்தக் கணிதம் தெரியாது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. தேக்கடியை அவனுக்கு நினைவுபடுத்தினேன். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, பெரியாறு நீர்த்தேக்கத்தில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டடுக்குப் படகு. கரையோரம் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதில் சாய்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். உல்லாசப் பயணம் வந்த குடும்பங்கள். 2023 மே 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மலப்புறம் மாவட்டம் தானூரில் மறுபடி 22 பேர். அங்கே ஓடியது மீன்பிடிப் படகை மாற்றி உல்லாசப் படகாக்கியது. அதிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். ஒரே குடும்பத்தில் பதினோரு பேர் போனார்கள். உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் கலங்களுக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டம் பழசாகிவிட்டது என்று 2021-இல் புதுச் சட்டமே வந்துவிட்டது. அது வந்த பிறகு நடந்ததுதான் தானூர். கரையில் நிற்கிற ஒருவன் "போதும், அடுத்த சுற்றில் வாங்க" என்று சொல்லியிருந்தால் அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கும்.

பாண்டூன் அவ்வளவு எளிதில் கவிழாது என்பது உண்மை. அகலமாகப் பரந்து நிற்பதால் நிதானம் அதிகம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: மூக்கு. போட்டோ எடுக்க எல்லோரும் முன்பக்கம் போய் நின்றால் முன் முனை தாழும். எதிரே வருகிற அலை தளத்தின் மேலேயே ஏறிவிடும். சிம்கோ சின்னக் குட்டை இல்லை. 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிற ஏரி. காற்று கிளம்பினால் கடல் மாதிரியே புரளும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள். காற்று நாளில் கரையோரமாகவே சுற்ற வேண்டும், அல்லது படகை எடுக்கவே கூடாது. தடுப்புக் கம்பிக்கு வெளியே, முன் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்வது இன்னொரு விபரீதம். அங்கிருந்து விழுகிற பிள்ளை நேராக இரண்டு உருளைகளுக்கு நடுவே போய், பின்னால் சுழலும் விசிறியில் சிக்கும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று, அவரவர் அளவுக்கு. கனடாவில் அது சட்டம். மோட்டார் படகு ஓட்டுகிறவருக்குத் தேர்ச்சி அட்டையும் கட்டாயம். மருமகன் அந்தத் தேர்வை எழுதிவிட்டான். அதில் அவன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன்.

ஒகேனக்கல் பரிசலில் ஏறும்போது ஜாக்கெட் போடச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். போட்டோவில் சட்டை தெரியாதே என்று கவலைப்படுகிறோம். பரிசல்காரர் எந்தப் பக்கம் யாரை உட்கார வைக்கிறார் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். கனமான ஆளை முதலில் ஏற்றி எதிரும் புதிருமாக உட்கார வைத்துவிட்டுத்தான் துடுப்பையே தொடுவார்.

நம் பக்கத்திலும் சிலருக்கு இப்படி ஒரு படகு ஆசை வருவதைப் பார்க்கிறேன். தோட்டம் ஏரிக்கரையில் இருக்கிறது, டிரம் வைத்து ஒன்று கட்டி விட்டால் என்ன என்று கேட்கிறார்கள். ஏரி அரசாங்கத்துடையது, மீன்பாசி குத்தகை எடுத்தவர் வேறு ஒருவர். அனுமதி இல்லாமல் ஒரு வாழைமரத்தைக்கூட மிதக்க விட முடியாது. அதையெல்லாம் தாண்டினாலும், போன மழைக்கு நிரம்பிய ஏரி சித்திரையில் மாடு மேய்கிற திடலாகிவிடும். அந்த ஆசையை விட்டுவிட்டுச் சாத்தனூர் அணைக்குப் போய் வருவதே மேல். 1958-இல் கட்டி முடித்த அணை, 119 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பூங்காவைச் சுற்றிவிட்டு மீன் வறுவலை ஒரு கை பார்க்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அணை பார்க்கப் போவதாகச் சொல்வது பாதிக்கு மேல் அந்த மீனுக்காகத்தான்.

கடைசியில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை, நண்பர் குடும்பத்தை அடுத்த வாரம் தனியாகக் கூட்டிப்போவது என்று மருமகன் இறங்கி வந்தான். பழைய தம்பதியின் படகுக்கே முன்பணம் கொடுப்பது என்றும் முக்கால்வாசி முடிவாகிவிட்டது. கால்வாசி மனசு இன்னும் அந்த நீல விளக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. "பலகையை மாத்திக் குடுக்கச் சொல்லலாமா மாமா" என்று இழுத்தான்.

அக்கா இதுவரை எதுவும் பேசவில்லை. ஐயங்குளத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். அறுபது வருஷத் தெப்பத்தைப் படிக்கட்டிலிருந்தே பார்த்தவள். முழங்கால் வலி உண்டு. வரும் ஜூலையில் கனடா போகிறாள், விசா வந்துவிட்டது. படகில் முதல் வரிசை அவளுக்குத்தான் என்று மகன் சொல்லி வைத்திருக்கிறான். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏன்டா, காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்குவோம்னு சொல்ற. நடுவுல எனக்குப் பாத்ரூம் வந்தா என்ன பண்றது?"

மறுமுனையில் சத்தமே இல்லை. பத்து வருஷமாகப் படகு வைத்திருக்கும் நண்பரோடு ஏரியைச் சுற்றியவனும் சரி, காசிமேட்டு நிபுணரும் சரி, நாலு பேரை விசாரிக்கும் நானும் சரி, இதை ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் விசாரித்துச் சொன்னான். அந்த வயதான தம்பதியின் படகில் பின் மூலை இருக்கையைத் தூக்கினால், மேலே இழுத்து நிறுத்துகிற துணித் தடுப்பும் அதற்குள் கையடக்கமாக ஒரு கழிப்பறைப் பெட்டியும் இருக்கிறதாம். அம்மாளுக்கும் முழங்கால் வலியாம், அவருக்காக வைத்ததாம். இன்னொரு படகிலும் அதே மூலையில் அதே ஏற்பாடு முன்பு இருந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் நாலாவது ஸ்பீக்கரை வைத்திருக்கிறார்கள்.

முன்பணம் போய்விட்டது. மகள் பெயரை இந்தப் படகுக்கு மாற்றிக்கொண்டான்.


ஆசிரியர்